ஒட்டுவது கடைசி வேலை: கதவிலும் ஜன்னலிலும் ஸ்மார்ட் சென்சார் பொருத்துவது

மகாராஷ்டிராவில் ரஞ்சன்காவ் வழியாகப் போகும் புனே–அஹில்யாநகர் நெடுஞ்சாலையைப் பிடித்து அஹில்யாநகரையும் தாண்டிப் போனால் சனி சிங்கணாப்பூர் வரும். வீடுகளுக்குக் கதவே வைக்காத ஊர் என்று பேர் வாங்கியது. 2011 ஜனவரியில் யூகோ வங்கி அங்கே கிளை திறந்தபோது, பூட்டில்லாத வங்கி என்று நாடு முழுக்கச் செய்தி வந்தது. ஆனால் வாசலில் கண்ணாடிக் கதவு இருந்தது. அதை இழுத்துப் பிடித்திருந்தது கண்ணுக்குத் தெரியாத மின்காந்தப் பூட்டு. 2015-இல் ஊருக்குப் போலீஸ் ஸ்டேஷனும் வந்துவிட்டது.

சனீஸ்வரனைக் காவலுக்கு வைத்திருக்கும் ஊருக்கே காந்தம் தேவைப்பட்டது. ரஞ்சன்காவ் எம்ஐடிசி தொழிற்பேட்டையில் ஷிஃப்டுக்குப் போய், கிராமத்தில் வாடகை ரூமைப் பூட்டிவிட்டு வருகிற நமக்கு அதைவிடச் சின்னக் காந்தம் ஒன்று போதும். கதவு திறந்தால் கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் ஸ்மார்ட் கான்டாக்ட் சென்சாரைப் பொருத்துவதுதான் இந்த அத்தியாயம். துளை போட வேண்டாம், எலக்ட்ரீஷியன் வேண்டாம்.

பெட்டிக்குள் இருக்கும் காகிதம் பெரும்பாலும் "ஒட்டுங்கள், பிறகு ஆப்பில் சேருங்கள்" என்ற வரிசையில் சொல்லும். அதைத் தலைகீழாக்குங்கள். முதலில் ஆப், பிறகு கையால் சோதனை, பிறகு மாஸ்கிங் டேப்பில் இரண்டு நாள். கம் டேப்பின் பேப்பரை உரிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

எப்படி வேலை செய்கிறது

இரண்டு துண்டுகள் இருக்கும். பெரியதில் பேட்டரியும், ரேடியோவும், ரீட் ஸ்விட்சும் இருக்கின்றன. சிறியது வெறும் காந்தம். ரீட் ஸ்விட்ச் என்பது சின்னக் கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். காந்தம் பக்கத்தில் வந்தால் நாக்குகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். 1936-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் எல்வுட் என்பவர் உருவாக்கியது. இன்னும் அதே தத்துவம்தான். எல்ஜி, வேர்ல்பூல், ஹையர் மூன்றும் ரஞ்சன்காவில் பிரிட்ஜ் செய்கின்றன. அந்த லைனில் வேலை பார்ப்பவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல புது பிரிட்ஜ்களில் கதவு திறந்திருப்பதைக் கண்டுபிடித்துக் கத்துவது இதே ஸ்விட்ச்தான்.

சென்சார், கதவு மூடியிருக்கிறதா என்று சொல்லும். பூட்டியிருக்கிறதா என்று சொல்லாது. திருடனைத் தடுக்கவும் செய்யாது. தாழ்ப்பாள் ஆடுகிறது என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், சென்சார் அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி

நீங்கள் வெளியே போன பிறகு வீட்டில் இன்டர்நெட் இருக்குமா?

பேச்சிலர் ரூம்களில் பெரும்பாலும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். போன் உங்களோடு கிளம்பிவிட்டால் சென்சார் ஊமை. திறந்ததை அது கண்டுபிடிக்கும், சொல்ல வழி இருக்காது. ரூமில் ஃபைபர் இணைப்பும் ரவுட்டரும் இருந்தால்தான் இதில் காசு போடலாம்.

ரவுட்டர் இருக்கிறது என்றால் இரண்டு வகை:

வைஃபை சென்சார். தனி ஹப் வேண்டாம், நேராக ரவுட்டரோடு பேசும். ஒரு கதவுக்கு இது போதும். பேட்டரியைச் சீக்கிரம் தின்னும்.

ஜிக்பீ சென்சார். நடுவில் ஒரு ஹப் வேண்டும். ஆனால் சின்ன பட்டன் பேட்டரியிலேயே ஓராண்டு, சில நேரம் இரண்டாண்டு ஓடும். கதவும் ஜன்னலுமாக மூன்று நான்கு பொருத்துவதானால் இதுதான் லாபம். ஹப்பை ரவுட்டரின் தலைமேல் வைக்காதீர்கள், ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுபவை, பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும்.

புளூடூத் மட்டும் உள்ள மலிவு வகையும் விற்கிறார்கள். நீங்கள் வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும் தகவல் சொல்லும் காவலாளி யாருக்கு வேண்டும்?

எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

ஸ்கேல், பென்சில், மாஸ்கிங் டேப், மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட், சுத்தமான பழைய பனியன் துணி, ஆடாத ஸ்டூல். இரும்புக் கதவென்றால் 5 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு பிளாஸ்டிக் அல்லது மரச்சீவல். உதவிக்கு ஓர் ஆளும் வேண்டும். கதவை நீங்கள் ஆட்ட, போனை அவர் பார்க்க வேண்டும்.

படிப்படியாக

1. பேட்டரிக்கும் முனைக்கும் இடையில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை இழுத்து எடுங்கள். சின்ன விளக்கு ஒருமுறை மின்னும். மின்னாவிட்டால் மூடியைத் திறந்து, பேட்டரியின் கூட்டல் குறி சரியான பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள்.

2. கட்டிலில் உட்கார்ந்தபடியே ஆப்பில் சேருங்கள். பட்டனையோ ஊசித் துளையையோ ஐந்து விநாடி அழுத்தினால் விளக்கு வேகமாக மின்னும். அதுதான் இணைப்புக்குத் தயார் என்ற சைகை. பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள்: போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும், சென்சாருக்கு 2.4 மட்டுமே தெரியும். ரவுட்டர் இரண்டு பெயரில் வைஃபை தந்தால், 5 என்று முடியாத பெயரில் போனைச் சேர்த்துவிட்டு மறுபடி முயலுங்கள். போனில் புளூடூத்தும் லொகேஷனும் ஆனில் இருக்கட்டும்.

3. பெயர் வையுங்கள். "சென்சார் 1" என்று விட்டுவிடாதீர்கள். "வாசல் கதவு", "சமையல்கட்டு ஜன்னல்" என்று வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் படிக்கப்போவது இந்தப் பெயரைத்தான்.

4. இரண்டு துண்டையும் கையில் பிடித்துச் சேர்த்துப் பாருங்கள், பிரித்துப் பாருங்கள். ஆப்பில் "மூடியது", "திறந்தது" மாறி மாறி வர வேண்டும். இரண்டிலும் பக்கவாட்டில் ஒரு கோடோ அம்புக்குறியோ இருக்கும். அந்தக் குறிகள் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். மேசைமேல் ஸ்கேலை வைத்துக் காந்தத்தை மெல்ல நகர்த்தி, எத்தனை மில்லிமீட்டரில் "திறந்தது" வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பொதுவாக 15, 20 என்று போட்டிருப்பார்கள். உங்கள் கையில் உள்ளது என்ன சொல்கிறது என்பதே கணக்கு.

5. இடம் தேர்ந்தெடுங்கள். கீல் இருக்கும் பக்கம் வேண்டாம். கைப்பிடி இருக்கும் பக்கத்தின் மேல் மூலை நல்லது. கீல் பக்கத்தில் ஒட்டினால் கதவை அரை அடி திறந்தாலும் அங்கே இடைவெளி விரல் கனம்கூட ஆகாது. ஆள் உள்ளே வந்த பிறகு தகவல் வரும். மேல் மூலை குழந்தைக்கும் எட்டாது.

6. பெரிய துண்டு நிலையில், காந்தம் கதவில். கதவை அறைந்து சாத்துகிற வீட்டில் பேட்டரியும் ரேடியோவும் ஆடாத சட்டத்தில் இருப்பதே நல்லது. இரண்டும் எப்போதும் வீட்டுக்குள் பார்க்கும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

7. மாஸ்கிங் டேப்பால் இரண்டையும் அந்த இடத்தில் தற்காலிகமாகப் பொருத்துங்கள். மூடியிருக்கும்போது நடுவில் உள்ள இடைவெளி, நான்காம் படியில் நீங்கள் குறித்த அளவில் பாதிக்கு மேல் போக வேண்டாம். 3 மில்லிமீட்டருக்குக் குறையவும் வேண்டாம். ஜூன் பிறந்து மழை பிடித்தால் மரக்கதவு ஊதும். மே மாதம் உரசாமல் இருந்தது ஆகஸ்டில் உரசும்.

8. இருபது முறை திறந்து மூடுங்கள். மெதுவாக, வேகமாக, ஓங்கி அறைந்து. பிறகு கதவை ஒரு விரல் கனம், இரண்டு விரல் கனம் என்று மட்டும் திறந்து பாருங்கள். மூன்று விரல் கனத்துக்குள் தகவல் வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

9. இப்படியே இரண்டு நாள் விடுங்கள். காற்றுக்கும், நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகிற அதிர்வுக்கும் பொய்யாக அலறுகிறதா என்று இதில் தெரிந்துவிடும். அலறினால் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஆட்டம் இருக்கிறது. காந்தத்தை இன்னும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் கிட்டே கொண்டுவாருங்கள்.

10. எல்லாம் சரியென்றால் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுவிட்டு மாஸ்கிங் டேப்பை உரியுங்கள். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைக்கும் வீடென்றால் அந்த எண்ணெய்ப் பிசுக்கின்மேல் எந்த டேப்பும் நிற்காது. இரண்டு முறை துடையுங்கள். டிஸ்டெம்பர் அடித்த சுவரிலும் நிற்காது. பெயின்ட் தூளோடு கழன்று வரும். எனாமல், மைக்கா, அலுமினியம் மூன்றும் நல்ல பிடி.

11. பேப்பரை உரித்து, கோட்டுக்குள் வைத்து, பதினைந்து விநாடி கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். நல்ல தரமான டேப் முழுப்பலம் பிடிக்க மூன்று நாள் ஆகும். அதுவரை கதவை மெதுவாகச் சாத்தச் சொல்லுங்கள். டிசம்பர், ஜனவரியில் இங்கே காலைக் குளிர் பத்து டிகிரியைத் தொடும். அந்த நேரத்தில் ஒட்டாதீர்கள். வெயில் ஏறிய பிறகு மதியம் ஒட்டுங்கள்.

இரும்பு சேஃப்டி டோர்: பலர் ஏமாறும் இடம்

எங்கள் வரிசையில் ஆறு ரூம்களிலும் வெளியே இரும்பு கிரில் கதவு, உள்ளே ப்ளைவுட் கதவு. முதல் சென்சாரை நான் கிரில் கதவில்தான் ஒட்டினேன். ஒட்டிய அன்று நன்றாக இருந்தது. மறுநாள் ஷிஃப்டில் இருந்தபோது "திறந்தது", "மூடியது" என்று பதினேழு தகவல். ஓடிவந்து பார்த்தால் பூட்டு பூட்டினபடி தொங்குகிறது.

காரணம் எளிது. இரும்பு, காந்தப் புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். 18 மில்லிமீட்டரில் வேலை செய்த காந்தம் இரும்பின் மேல் உட்கார்ந்ததும் 8-இல் தடுமாறியது. கிரில் கதவு காற்றில் ஒரு நூல் ஆடினாலும் ரீட் ஸ்விட்ச் விட்டுவிட்டது.

முடிந்தால் கிரில்லை விட்டுவிட்டு உள்கதவில் ஒட்டுங்கள். கிரில்லில்தான் வேண்டும் என்றால், காந்தத்துக்கு அடியிலும் சென்சாருக்கு அடியிலும் 5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கோ மரமோ வைத்து இரும்பிலிருந்து தூக்கிவிடுங்கள். அதன்பின் நான்காம் படியின் அளவை இரும்பின் மேலேயே மறுபடி எடுங்கள். மேசையில் எடுத்த அளவு இங்கே செல்லாது. என் கிரில் கதவுக்குப் பிளாஸ்டிக் டப்பா மூடியை வெட்டி அடுக்கினேன். பார்க்க அழகில்லை, பொய்த் தகவல் நின்றது.

வெளிப்பக்கம் திறக்கும் கதவில் இன்னொரு சிக்கல். உள்ளே இருந்து பார்த்தால் கதவு நிலைக்குள் பதுங்கியிருக்கும், இரண்டு துண்டும் ஒரே மட்டத்தில் வராது. சென்சாரை நிலையின் மேல்சட்டத்து அடிப்பக்கத்தில் ஒட்டி, காந்தத்தைக் கதவில் அதற்குச் செங்குத்தாக வையுங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் நன்றாகப் பிடிக்கிறது என்பதை மாஸ்கிங் டேப்பில் வைத்துத் தேடுங்கள். இதற்கு வாய்ப்பாடு கிடையாது.

அலுமினியம் ஸ்லைடிங் ஜன்னல்

இரண்டு கண்ணாடிக் கதவும் ஒரு கொசுவலையும் மூன்று தடத்தில் ஓடும் ஜன்னல்தான் இங்கே அதிகம். அலுமினியம் காந்தத்தைக் கெடுக்காது, அந்தக் கவலை வேண்டாம். கவலை இடத்தைப் பற்றியது. உள்தடத்துக் கண்ணாடி, வெளித்தடத்துக் கண்ணாடியின் மேல் ஓடும்போது நடுவில் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அங்கே எதை ஒட்டினாலும் முதல் முறை திறக்கும்போதே பிய்ந்துவிடும்.

ஓரச் சட்டத்தில் சென்சார், அதை வந்து தொடும் கண்ணாடிக் கதவின் ஓரத்தில் காந்தம் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் திறக்கும் ஜன்னலுக்கு இரண்டு சென்சார் வேண்டும். காசு வீண் என்று தோன்றினால், ஒரு பக்கத்தை உள்ளிருந்து பூட்டிவிட்டு மற்றதற்கு மட்டும் வையுங்கள். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

மேற்குப் பார்த்த ஜன்னலில் ஏப்ரல், மே வெயில் நேராக விழும். பிளாஸ்டிக் தொட முடியாத சூடாகும், டேப் இளகும், பேட்டரி சீக்கிரம் தீரும். கண்ணாடியை ஒட்டி வைக்காமல் திரைச்சீலை நிழல் விழும் மூலையில் வையுங்கள்.

பாதுகாப்பு: இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்

பட்டன் பேட்டரிதான் இதில் உண்மையான ஆபத்து. சிஆர் 2032 போன்ற வில்லைப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகி வெந்துபோகக்கூடும். விழுங்கியது என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆம்புலன்சுக்கு 108. தீர்ந்த பேட்டரியும் ஆபத்துதான். இரு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வைத்துப் பிறகு அப்புறப்படுத்துங்கள். கழன்று விழுந்த காந்தத்தையும் தரையில் விடாதீர்கள், அதையும் வாயில் போடுவார்கள்.

நிலைக்கு மேலே துளை போட நினைத்தால் வேண்டாம். காலிங் பெல் வயரும் விளக்கு வயரும் பெரும்பாலும் அந்தச் சுவர் வழியாகத்தான் போகும். டேப்பே போதும்.

பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறாதீர்கள்.

தகவல் யாருக்குப் போக வேண்டும்?

பல கம்பெனிகளில் லைனுக்குப் போகும்போது போன் லாக்கரில். எட்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் காலை பத்து மணிக்குக் கதவு திறந்த தகவல் மாலையில் கிடைக்கும். அதனால் ஆப்பில் இன்னோர் ஆளையும் சேருங்கள்: மனைவி, அறைத்தோழன், வேறு ஷிஃப்டில் இருக்கும் நண்பர். இரண்டு போனிலும் அந்த ஆப்புக்கு பேட்டரி சேமிப்பை ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் போனே ஆப்பைத் தூங்கவைத்துவிடும்.

எல்லாத் திறப்புக்கும் தகவல் கேட்காதீர்கள். குழந்தை ஐம்பது முறை திறந்து மூடும் கதவுக்கு ஐம்பது தகவல் வந்தால் மூன்றாம் நாள் நீங்களே அதை மியூட் செய்வீர்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்கு மட்டும் "திறந்தால் உடனே" என்று வையுங்கள். ஆள் இருக்கும் நேரத்துக்கு "ஐந்து நிமிடத்துக்கு மேல் திறந்தே இருந்தால்" போதும்.

தகவல் வந்ததும் யார் போய்ப் பார்ப்பது என்பதை முன்பே பேசிவையுங்கள். பக்கத்து வீட்டுக் காகூவிடம் (சித்தியிடம்) மராத்தியில் நாலு வார்த்தை சொல்லி நம்பரை வாங்கி வைத்திருப்பது நல்லது. அவரைத் தனியாக உள்ளே போகச் சொல்லாதீர்கள், வெளியிலிருந்து பார்த்தால் போதும். பூட்டு உடைந்திருந்தால் 112.

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பொங்கலுக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அப்பா சொல்லிக்கொடுத்த பழக்கப்படி கடைசியாக மெயின் சுவிட்சை ஆஃப் செய்தேன். டவுண்டில் ரயில் ஏறி, பத்து நாள் ஊரில் இருந்து, ஒரு தகவலும் வராததில் நிம்மதியாக இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் சமையல்கட்டு ஜன்னல் அகலத் திறந்து கிடக்கிறது, அடுப்பு மேடையில் பூனை குட்டி போட்டிருக்கிறது. மெயின் போனதும் ரவுட்டர் போய்விட்டது. சென்சார் கத்தியிருக்கும், கேட்க யாரும் இல்லை.

மெயினை ஆஃப் செய்யாதீர்கள். ரவுட்டரும் ஹப்பும் இருக்கும் சர்க்யூட்டின் எம்சிபியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எம்சிபிகளை இறக்குங்கள். கரன்ட் கட்டுக்கு ரவுட்டருக்கான மினி யுபிஎஸ் ஒன்று வாங்கினால் சில மணி நேரம் தாங்கும். உங்கள் ரவுட்டர் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று அடாப்டரைப் பார்த்து வாங்குங்கள். ஃபைபர் பிளான் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் பாருங்கள். கிளம்புவதற்கு முதல்நாள் வீட்டு வைஃபையை விட்டு போனை மொபைல் டேட்டாவுக்கு மாற்றி, கதவைத் திறந்து, தகவல் வருகிறதா என்று சோதியுங்கள். ஊரிலிருந்தும் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆப்பைத் திறந்து, சென்சார் "ஆஃப்லைன்" காட்டுகிறதா என்று பாருங்கள்.

தகராறு செய்தால்

மூடியும் "திறந்தது" என்று காட்டினால் இடைவெளி கூடியிருக்கிறது. மழைக்காலத்தில் கதவு முழுதாகச் சாத்தவில்லையா என்று முதலில் பாருங்கள். திறந்தும் "மூடியது" என்றே நின்றால், பக்கத்தில் வேறு காந்தம் இருக்கிறதா என்று தேடுங்கள். கதவை நிறுத்தும் மேக்னட் டோர் ஸ்டாப்பர் அடிக்கடி இந்த வேலையைச் செய்யும். "ஆஃப்லைன்" என்றால் முதலில் ரவுட்டர், அடுத்து பேட்டரி. புதுப் பேட்டரி போட்ட தேதியை மூடியின் உட்பக்கம் மார்க்கரால் எழுதிவையுங்கள்.

ரூமைக் காலி செய்யும்போது

மகாராஷ்டிராவில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பதினோரு மாதம். புதுப்பிக்காவிட்டால் சென்சாரும் உங்களோடு கிளம்ப வேண்டும். கத்தியால் நெம்பாதீர்கள், பெயின்ட் பெயர்ந்து டெபாசிட்டில் கழியும். ஹேர் டிரையரை ஒரு நிமிடம் காட்டி டேப்பை இளகவிட்டு, தூண்டில் நரம்பையோ தடித்த நைலான் நூலையோ பின்னால் கொடுத்து ரம்பம் போல் இழுங்கள். மிச்சப் பிசினைத் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்கலாம். ஆப்பில் அந்தச் சென்சாரை நீக்கிவிடுங்கள். கதவில் இருக்கும் காந்தத்தை மறக்காதீர்கள். எங்கள் வரிசையில் இரண்டு ரூமின் கதவில் முன்பு குடியிருந்தவரின் காந்தம் இன்னும் ஒட்டியிருக்கிறது.